சந்தனம் அப்பிய பலகை

அந்தக் கண்ணாடிப் பலகைக்கு முதன்முதலில் சந்தனம் வைத்தவள் நான்தான். வேறு யாரோ வைத்தார்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். முடியாது. சாட்சிக்கு ரீலிங்கில் நின்ற அத்தனை பெண்களும் இருந்தார்கள்.

ரீலிங் என்பது எங்கள் நூல் மில்லில் பெண்கள் வேலை பார்த்த பகுதி. கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே, திருச்சி ரோட்டை ஒட்டி, ஒரு இரும்புக் கேட்டும் பக்கத்தில் ஒரு புங்கமரமுமாக இருந்தது அந்த மில். ஆண்கள் நூற்று அனுப்புகிற நூலை நாங்கள் மிஷினில் வளையமாகச் சுற்றிச் சிட்டம் சிட்டமாக எடுப்போம். அது கைத்தறிக்காரர்களுக்குப் போகும். நாள் முழுக்க நின்றபடியே பார்க்கிற வேலை. நூல் அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். அறாவிட்டால் எப்போது அறும் என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் ஊர்க் கண்மாய் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் நிரம்பாமல் போனது. என் வீட்டுக்காரர் கண்மாய் நிறைந்தால் விவசாயி, நிறையாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள். யாராவது ஒருத்தர் சம்பளத்துக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்று ஆனபோது, எட்டாம் வகுப்பு வரை படித்தவள் என்ற மிதப்போடு நான் கிளம்பிவிட்டேன்.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் அந்தப் பலகையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். மரச்சட்டம், மேலே கண்ணாடி, உள்ளே பொடி எழுத்தில் அச்சடித்த தாள். ரீலிங்குக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி, கிழக்குப் பார்த்த சுவரில், கையெடுத்துக் கும்பிடத் தோதான உயரத்தில் ஆணி அடித்தார்கள். மாட்டிய ஆள் ஒன்றும் சொல்லவில்லை, மாட்டினார், போனார். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்த நானும் முதல் வரியில் ‘சட்டம்’ என்ற வார்த்தையைப் பார்த்ததுமே அது நமக்கில்லை, ஆபீஸ்காரர்களுக்கு என்று திரும்பிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மிஷின்களையெல்லாம் துடைத்து வாழைக்கன்று கட்டியிருந்தோம். எனக்கு அப்போது ஐந்து மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி கையால் வைத்தால் நல்லது என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டிவிட்டார்கள். மிஷினுக்கு வைத்தேன், நூல் கூடைகளுக்கு வைத்தேன், ஸ்விட்சுப் பெட்டிக்கு வைத்தேன், தண்ணீர்ப் பானையைக் கூட விடவில்லை. அப்படியும் கிண்ணத்தில் நிறைய மீந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே பலகை, சாமி படம் மாதிரியே சட்டமும் கண்ணாடியுமாக. மூன்று விரலால் அள்ளி நடுவில் பெரிதாக ஒரு அப்பு அப்பினேன். மேலே மூன்று, கீழே மூன்று. எல்லாவற்றிலும் குங்குமம். சுகப்பிரசவம் ஆகவேண்டும், பிள்ளைக்குப் பால் குறைவில்லாமல் இருக்கவேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம் தை வெள்ளி, வருஷப்பிறப்பு என்று கையில் சந்தனம் வைத்திருந்தவளெல்லாம் அந்தப் பலகைக்கும் ஒரு பொட்டு வைத்தாள். ஏற்கெனவே பொட்டு இருக்கிற இடத்தில்தானே வைப்பார்கள்.

மாசியில் மகள் பிறந்தாள். பிரசவ லீவு என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பெற்று ஆறு வாரம் வீட்டில் இருக்கலாம், வேலை போகாது. ஆறு வாரம் கழித்துப் பால்குடிப் பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் எவளுக்கும் தெரியாது. எனக்கு முன்னால் பெற்றவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. வந்தவர்கள் மாரில் வேப்பெண்ணெய் தடவிப் பிள்ளைக்குப் பாலை மறக்கடித்துவிட்டு வந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டால், ஆமாம், அழுதுச்சு, அப்புறம் சரியாயிருச்சு என்பார்கள். முகத்தைப் பார்த்தால் சரியான மாதிரி இருக்காது.

எனக்கு ஒரு வழி இருந்தது. என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். அவளை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவள் புருஷனுக்குப் பினாங்கில் ஒரு கடையில் வேலை. வருஷத்துக்கு இரண்டு கடிதம் வரும். அவர் கடைசியாக வந்துபோனதில் பிறந்த பெண்ணுக்கு ஒரு வயசு ஆகியிருந்தது, இன்னும் பால் மறக்கவில்லை. நீ போயிட்டு வா, எனக்கு ரெண்டு பிள்ளைக்கும் காணும் என்று மதினி சொன்னபோது எனக்கு அவள் காலில் விழலாம் போல இருந்தது. எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் பெற்றிருந்தால் யார் சும்மா இருக்கிறாளோ அவள் எடுத்துக் கொடுப்பாள், கணக்கு வைத்துக்கொள்ள மாட்டாள்.

திரும்பிப் போன முதல் நாள் காலை ஒன்பது மணி வரை ஒன்றும் தெரியவில்லை. பத்து மணிக்கு மார் கல்லாகிவிட்டது. கையைத் தூக்கி நூலைப் பிடித்தால் கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் ரவிக்கை நனைந்தது. நனைந்தால் பரவாயில்லை, மாராப்பை இழுத்து மூடிக்கொள்ளலாம். ஆனால் அது மில். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. மூடின மாராப்பிலும் ஈரம் ஊறி, அந்த ஈரத்தில் பஞ்சு ஒட்டி, மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் வட்டமாக வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. அடுத்த மிஷினில் நின்றவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நூல் மில்லுக்குள் பால் பண்ணையும் வைத்துவிட்டாயா என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் சுவருக்குப் பின்னால் போய், புங்கமரத்து அடியில், கால் படாத இடமாகப் பார்த்துப் பீய்ச்சிவிட்டேன். சரளை மண் அதை உடனே குடித்தது. ஒன்றரை மைல் தூரத்தில் என் பிள்ளை இருக்க, மண்ணுக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஓட்டம்தான். கண்மாய்க் கரை வழியாகப் போனால் அரை மைல் மிச்சம். மூச்சிரைக்க வாசலில் போய் நின்றால், மகள் மதினி மடியில் வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பி மாரில் வைத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வயிறு நிறைந்திருக்கிறது, அவள் என்ன செய்வாள். ராத்திரியிலாவது கொடுக்கலாம் என்றால், எட்டு மணி நேரம் நின்ற உடம்பு, படுத்தால் பிணம். பிள்ளை சிணுங்கினால் எனக்குக் காதில் விழாது. மதினிக்கு விழும். இவள் தூங்கட்டுமே என்றுதான் எடுத்துக்கொள்வாள், அவளுக்கு வேறு எண்ணம் கிடையாது. விடிந்து பார்த்தால் அவள் பாயில் இரண்டு பிள்ளைகளும், என் பாயில் நான் மட்டும்.

நன்றி இருக்கவேண்டிய இடத்தில் எனக்கு என்ன இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை இருந்தது. மதினியின் இடுப்பைப் பார்த்தால் எரிச்சல் வந்தது, அதில் என் மகள் அவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருந்தாள். மில்லில் நூல் அறுந்து முடிச்சுப் போடுகிற ஒவ்வொரு தடவையும் இப்போது தூங்குவாளா, இப்போது முழித்திருப்பாளா, இப்போது யார் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள் என்று நினைப்பேன். பசியாவது சாப்பிட்டால் அடங்கும். இந்த ஏக்கம் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும்போதே எடுத்தது. இரண்டு மூன்று மாதத்தில் மார் கல்லாவதும் நின்றது, ரவிக்கை நனைவதும் குறைந்தது. இப்போது சௌகரியமா என்று அடுத்த மிஷின்காரி விசாரித்தாள். சௌகரியம்தான் என்றேன். அன்று சாப்பாட்டு வேளையில் மரத்தடிக்குப் போய் வெறுமனே நின்றுவிட்டு வந்தேன்.

ஆடி மாதம் ஒருநாள் மில்லே பரபரவென்று இருந்தது. பேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறாராம். தரை கழுவினார்கள், தண்ணீர்ப் பானையை மாற்றினார்கள், உடைந்த ஸ்டூலை ஒளித்தார்கள். எங்கள் மேஸ்திரி நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். ரீலிங்குக்குள் வந்தவர் பலகையைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு எழுத்துக் கூடத் தெரியவில்லை. கருத்துப்போன சந்தனம், அதன் மேல் குங்குமம், அதன் மேல் பஞ்சு.

“யாருத்தா இதுல அப்புனது?” என்றார்.

அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

“நீயே தொடை. ஒரு எழுத்து விடாமத் தெரியணும்.”

கழிவுப் பஞ்சை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு போய் நின்றேன். மேலே இருந்தது சீக்கிரம் வந்துவிட்டது. நடுவில் நான் அப்பியதுதான் பாறையாக இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். என் கையால் வைத்ததை என் நகத்தாலேயே எடுக்க வேண்டியதாயிற்று என்று மனசுக்குள் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே சுரண்டினேன். ஒரு துண்டு பெயர்ந்தது. அதன் கீழே இருந்த எழுத்துகளில் ‘குழந்தை’ என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். ‘பாலூட்ட’ என்று வந்தது.

அதற்கப்புறம் எப்படித் துடைத்தேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியவளுக்கு, வழக்கமான ஓய்வு நேரம் போக, தினமும் இரண்டு தடவை பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரம் விடவேண்டும். பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகிறவரை விடவேண்டும். இதுதான் அங்கே இருந்தது. திரும்பப் படித்தேன். மூன்றாம் தடவை உதட்டை அசைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நான் பெறுவதற்கு முன்பிருந்தே இது இங்கே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எழுத்துத் தெரியாதவள் மூடியிருந்தால் ஒரு நியாயம் உண்டு. எட்டாம் வகுப்பு படித்தவள் படிக்காமல் கும்பிட்டேன், பால் குறையக்கூடாது என்று வேண்டிக்கொண்டு அந்த வரியின் மேலேயே அப்பினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பளபளவென்று இருந்த பலகையைப் பார்த்துத் தலையாட்டினார். அழுக்குப் பஞ்சும் கையுமாக அவருக்கு எட்டடி தூரத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஐயா, எனக்கு இந்த நேரம் விடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்வதுண்டு. அவர் ஜீப்பில் ஏறிப் போனபிறகுதான் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டேன்.

இரண்டு நாள் பொறுத்து, சிட்டத்தில் கட்டுகிற சீட்டு ஒன்றின் பின்பக்கம் அந்த வரிகளை எழுதிக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பலகையில போட்டுருக்கிறதெல்லாம் வெளியாளுங்க வந்து பாக்குறதுக்குத்தா.”

“நானும் பாத்துட்டேனே அண்ணே,” என்றேன்.

மேஸ்திரிக்கும் வீட்டில் மகள்கள் இருந்தார்கள். சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். சாயங்காலம் மானேஜரே ரீலிங்குக்கு வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பலகை முன்னால் நின்று படித்தார். அவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. படித்து முடித்து, காலை பத்து மணிக்குக் கால் மணி, மத்தியானம் இரண்டரைக்குக் கால் மணி என்றார். பிள்ளையைக் கேட்டுக்குக் கொண்டுவர வேண்டியது என் பொறுப்பு. இது பால் கொடுக்கத்தான், கொஞ்சிக்கொண்டிருக்க இல்லை, பிள்ளை குடிக்காவிட்டால் நேரமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று நான் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்து போனேன். மதினி இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் போட்டுக்கொண்டு ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பலகையில் இருந்தது, மானேஜர் படித்தது, பத்து மணி, இரண்டரை மணி என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கை மட்டும் அரிசியில் அப்படியே நின்றது.

“எம் பாலு சேரலையாத்தா ஒம் புள்ளைக்கு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. என் ஏக்கம் ஒன்றுதான் எனக்குக் கண்ணில் பட்டது. இவளுக்கும் ஒன்று இருக்கும், வருஷத்துக்கு இரண்டு கடிதம் வருகிற வீட்டில் இரண்டு பிள்ளைகள் இரண்டு பக்கமும் படுத்திருப்பது அவளுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று தோன்றவே இல்லை. சேரவில்லை என்று யார் சொன்னது, கொழுகொழுவென்று இருக்கிறாளே, எனக்குத்தான் அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை மதினி என்று உளறினேன். மதினி கல்லைப் பொறுக்கி முடித்தாள், உலை வைத்தாள், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாள். மறுநாள் நான் கிளம்புகிறபோது, பத்து மணிக்குக் கேட்டுக்கு வாரேன் என்று மட்டும் சொன்னாள்.

வந்தாள். தன் பெண்ணை எதிர்வீட்டில் விட்டுவிட்டு, என் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒன்றரை மைல் வெயிலில் நடந்து வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றே காலையிலிருந்து பால் கொடுக்காமல் கொண்டுவந்திருந்தாள், பசித்தால்தானே குடிப்பாள் என்று. நான் கையைக் கழுவி, முகத்தைக் கழுவி, தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு ஓடினேன். மகளை வாங்கி மடியில் போட்டு முந்தானையால் மூடினேன்.

அவள் வாயை வைத்தாள், எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள். கத்தல் என்றால் அப்படி ஒரு கத்தல், கேட்டில் இருந்த வாட்ச்மேன் எழுந்து வந்து பார்த்தார். கையை மதினி பக்கம் நீட்டி நீட்டி அழுதாள். நான் இருந்தா குடிக்க மாட்டா என்று மதினி எழுந்து சுவருக்குப் பின்னால் போய்விட்டாள். அவள் மறைந்ததும் அழுகை இன்னும் பெரிதானது. கால் மணி முழுக்க அழுதாள். மேஸ்திரி மணியடித்ததும் பிள்ளையை மதினி கையில் கொடுத்தேன். கொடுத்த மாத்திரத்தில் நின்றது அழுகை. மதினி என்னைப் பார்க்கவில்லை, நான் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாளும் அப்படித்தான். அடுத்த நாளும். ஒரு வாரத்தில் அழுகை நின்றது, ஆனால் குடிக்கவில்லை. என்னிடம் குடிக்க என்ன இருந்தது? ஒன்றிரண்டு சொட்டு. மூன்று மாதமாக மண்ணுக்குக் கொடுத்தது திரும்பி வருமா? பூண்டு தின்றேன், சுறாப் புட்டு தின்றேன். ஜெகதாப்பட்டினத்துப் பக்கமிருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் பால்சுறாவைச் சொல்லி வைத்து வாங்கி வந்தது என் வீட்டுக்காரர். அவர் அந்த வருஷம் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான். ஒன்றும் பலிக்கவில்லை.

வேறு ஒன்று நடந்தது. அழுகை நின்றதும் மகள் என் மடியில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். என் தலையில் எப்போதும் பஞ்சு இருக்கும், எவ்வளவு தட்டினாலும் போகாது. அதைப் பிடிக்கக் கை நீட்டுவாள். கொஞ்ச நாளில் பிடிக்கவே வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் வாய்க்குள் திணிப்பாள், நான் துப்புவேன், அவள் சிரிப்பாள். காலையில் கால் மணி, மத்தியானம் கால் மணி. கேட்டுக்கு முதுகைக் காட்டி, முந்தானையை மூடி, உள்ளே இந்த விளையாட்டு. மதினி இரண்டு வேளைக்கும் நடுவே அந்த மரத்தடியிலேயே இருந்து, யாரும் இல்லாதபோது அவளுக்குப் பசியாற்றிவிடுவாள். மில்லுக்குள் மேஸ்திரி, பிள்ளை குடிக்குதா என்று கேட்டால், குடிக்கிறா அண்ணே என்பேன். பொய்தான். அந்த அரை மணி நேரம் போய்விட்டால் அப்புறம் அவள் முழிப்பதையும் சிரிப்பதையும் நான் ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். அதற்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. சந்தனக் கிண்ணம் இன்னொரு வயிற்றுப்பிள்ளைக்காரி கைக்குப் போனது. அவள் பலகையிடம் போனபோது நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சட்டத்துக்கு நான்கு மூலையிலும் வை, கண்ணாடியில் வைக்காதே என்று சொல்லி, நடுவில் இருந்த வரிகளை விரல் வைத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். மற்றவர்களும் வந்து நின்றார்கள். திரும்பப் படி என்றார்கள். மூன்று தடவை படித்தேன். வேப்பெண்ணெய் தடவி மறக்கடித்துவிட்டு வந்த ஒருத்தி மட்டும் பாதியிலேயே திரும்பித் தன் மிஷினுக்குப் போய்விட்டாள்.

கார்த்திகையில்தான் வினை வந்தது. ஆபீஸ் கிளார்க் ஒருவர் கேட்டைத் தாண்டிப் போகும்போது, முந்தானை விலகி மகள் என் தோளில் ஏறி நின்று தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். பால் குடிக்கிற பிள்ளையாகத் தெரியவில்லையே, அம்மாளும் மகளும் விளையாடிக்கொண்டல்லவா இருக்கிறார்கள் என்று மானேஜர் காதில் போட்டுவிட்டார். மறுநாள் பத்து மணிக்கு நான் மரத்தடிக்கு வந்தபோது பின்னாலேயே மேஸ்திரியும் வந்தார். விசாரித்து வரச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை குடிப்பதில்லை என்றால் இன்றோடு நேரம் கிடையாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

உள்ளே நின்று தினமும் சொன்ன பொய் அன்று எனக்கு வாயில் வரவில்லை. மதினி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் என் மகள். உண்மை எதுவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அவளை வைத்துக்கொண்டு, இவள் என்னிடம்தான் குடிக்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்? எட்டு மாதம் என் பிள்ளையைத் தன் பாலில் வளர்த்தவள். அவள் உண்மையைச் சொன்னால் குற்றம் சொல்ல முடியாது. சொல்லிவிட்டால் இந்த வெயில் நடையும் அவளுக்கு மிச்சம், பிள்ளையும் அவளுக்கே முழுசாக மிச்சம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி மதினியிடம் திரும்பினார். நீ சொல்லு ஆத்தா, புள்ள யாருகிட்டப் பால் குடிக்குது என்று கேட்டார்.

மதினி மாராப்பை இழுத்துக் கழுத்துவரைக்கும் மூடிக்கொண்டாள்.

“அவ ஆத்தாகிட்டத்தாங்க. வேற யாரு குடுத்தாலும் வாயில வைக்க மாட்டேங்குறா. நானும் எம்புட்டோ பாத்துட்டேன்.”

மேஸ்திரிக்கு அது போதுமானதாக இருந்தது. அதைத்தான் கேட்க விரும்பி வந்திருப்பார் போல, வேகமாகத் திரும்பிப் போய்விட்டார். அவர் போனதும் நான் மரத்தடியில் உட்கார்ந்தேன், மதினி பிள்ளையை என் பக்கத்தில் இறக்கிவிட்டு எழுந்தாள். எழுந்தபோது மாராப்பு சரிந்தது. ரவிக்கையில் இரண்டு பக்கமும் வட்டமாக நனைந்திருந்தது. காலையிலிருந்து கொடுக்காமல் நடந்து வந்து, பிள்ளைக்குக் கொடுக்கிற நேரத்தில் மேஸ்திரி வந்து நின்றுவிட்டதால் பால் கட்டிக்கொண்டுவிட்டது. அந்த வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். குடுத்துருங்க மதினி, அவளுக்கும் பசிக்கும் என்று பிள்ளையை அவள் பக்கமே தள்ளினேன்.

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. என் மகளை இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் உட்காரவைத்தாள்.

“இன்னும் நேரம் இருக்குல்ல. கொஞ்சிக்கிட்டு இரு,” என்று சொல்லிவிட்டு, நான் முன்பு பீய்ச்சிவிட்ட அதே சுவருக்குப் பின்னால் போனாள்.

மகள் என் தலையில் பஞ்சு தேட ஆரம்பித்திருந்தாள். சுவருக்குப் பின்னால் மதினி எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. மணி அடித்து நான் எழுந்தபோதுதான் வந்தாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.